மாமா பிரித்துப் போட்ட நாலு சோபா

என் அக்கா வீட்டுக்காரர் சோபா பிரிப்பதில் கெட்டிக்காரர். திரும்பத் தைப்பதிலும் கெட்டிக்காரர்தான், நடுவில் வேறொன்றைப் பிரிக்காமல் இருந்தால். பத்து வருடமாக அவர் பட்டறையில் துணி வெட்டுகிறவன் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மாமாவின் மனசு ஒரு நிலையில் நிற்காது. சில மாதம் உச்சாணிக் கொம்பில் இருப்பார். சில மாதம் வாடிக்கையாளரின் சோபாவிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கூப்பிட்டால் ஒரு 'ம்' கூட வராது. ஏழு வருடத்துக்கு முன்னால் உச்சத்துக்குப் போனவரை நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரை அவரை ஓரளவு நிதானத்தில் வைத்திருந்தது. ஆனாலும் இன்னொரு முறை அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் அக்காவை விடவில்லை.

இந்த வருடம் சுவர்ப் பக்கம் திரும்பினவர் திரும்பினவர்தான். டாக்டரம்மா பழைய மாத்திரையோடு, சோர்வுக்கென்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"ரெண்டையும் சேர்த்துதான் சாப்பிடணும். புதுசை மட்டும் சாப்பிட்டா அது உங்களை ஒரேயடியா மேலே தூக்கிடும். தூக்கம் குறைஞ்சா உடனே வாங்க."

மாமா மண்டையை ஆட்டினார். அந்த மண்டை யார் என்ன சொன்னாலும் ஆடும்.

மூன்றாவது வாரம் மனிதர் எழுந்தார். முகம் மழித்தார், நான் வெட்டிய துணி கோணல் என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வாரமே ஒரு காலைப் பொழுதில் நாலு சோபாவைப் பிரித்துப் போட்டுவிட்டார். பட்டறை முழுக்கப் பஞ்சு. அதில் நாலாவது, ரிப்பேருக்கே வந்ததில்லை. பக்கத்துப் பல் டாக்டர் நோயாளிகள் உட்காரப் போட்டிருந்தது. உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டுத் தூக்கி வந்திருக்கிறார்!

இதைப் பார்த்த அக்கா, வீட்டுக்கு ஓடி மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். பழைய மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.

"இதை ஏன் நிறுத்துனீங்க?"

"புது ஸ்பிரிங் போட்டா பழசை யாராவது உள்ளேயே விட்டு வைப்பாங்களா? அதான் பழசைக் கழட்டிட்டேன், பத்து நாளாச்சு."

எனக்கே ஒரு நிமிடம் சரிதானே என்று பட்டது. சோபாவுக்கு அது சரிதான்.

"கடைசியா எப்போ தூங்குனீங்க?"

"தூக்கம் எதுக்கு? நான் நல்லா இருக்கேன்டி! இவ்ளோ சந்தோஷமா என்னை என்னைக்காவது பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன். நாலு பேர் உங்களைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு."

மாமா கையில் சுத்தியல் இருந்தது. இந்த முறை நாலு பேருக்கு எங்கே போவது என்று நான் மனசுக்குள் ஆள் தேட ஆரம்பித்தேன். பல் டாக்டர் வருவார், கோபத்தில் இருந்தார். அக்கா அந்தப் பஞ்சுக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. உங்களுக்கு இந்தச் சந்தோஷம் வேணாம். தூங்கி எந்திரிச்சு, இவனைத் திட்டிக்கிட்டு, சாதாரணமா இருங்க. எனக்கு அது போதும்."

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மச்சான், என் சட்டையை எடு."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. கப்பலுக்குச் சோபா, கோர்ட்டுக்குச் சோபா என்று ஏழெட்டுத் திட்டம் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள், பிடித்த கையை மட்டும் விடவில்லை.

டாக்டரம்மா புது மாத்திரையை நிறுத்தினார். பழையதை எந்த அளவில் தொடங்குவது என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். எழுதிக்கொண்டே, "யார் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"யாரும் கூட்டிட்டு வரலைங்க. அவரே நடந்து வந்தாரு."