படுக்கையில் கட்டிய கிரேன்

எவர்சில்வர் தாம்பாளத்தில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் சத்தம்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். கல்மண்டபம் ஏரியாவில் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் புழுக்கம்.

முதல் கர்ப்பம் கலைந்துபோயிருந்ததால், இரண்டாவதுக்கு டாக்டர் கண்டிப்பாக பெட் ரெஸ்ட் என்று சொல்லிவிட்டார். அதுவரை விம்கோ நகர் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் நான். படுத்தே கிடந்தால் ஒரே நினைப்புதான்... குழந்தை அசைகிறதா, இல்லையா?

கணவர் சேகர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய பில்டிங் பிளாக்ஸ் கொண்டுவந்தார், ஒன்றின் குமிழில் இன்னொன்றை அழுத்திப் பொருத்துகிற கட்டைகள். பெட்டி இல்லை, எப்படிக் கட்டுவது என்ற படமும் இல்லை. குழந்தைக்கா என்று கேட்டேன்.

"கொயந்த வரட்டும். இப்ப இது உனுக்குத்தாம்மே."

வீடு கட்டி அலுத்தபிறகு, அவர் ஓட்டுகிற கிரேனையே கட்டிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். கோபுரம் சுலபம். செங்கல் சுவர் மாதிரி, கீழ்வரிசை இணைப்பின் மேல் அடுத்த கட்டையின் நடுப்பகுதி வந்தால் அசையாது. நீளும் கைதான் படுத்தியது. கொஞ்சம் நீண்டதுமே தொங்கி, பிடிப்பு விட்டு உதிர்ந்துவிடும்.

அவர் பார்த்துவிட்டு, பின்பக்கம் எடை வைக்காத கிரேன் கவிழத்தான் செய்யும் என்றார். என் தம்பி கடலுக்குப் போகிறவன். அவனிடம் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கி வைத்தோம். கவிழ்வது நின்றது. தொங்குவது நிற்கவில்லை.

ஒருநாள் மதியம் வெகுநேரம் அசைவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். எதையாவது நினைக்கவேண்டுமே என்று கிரேனின் அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைகளையும் இப்படி ஒருக்களித்து அடுக்கினால் என்ன? பாரம் இணைப்பைப் பிரித்து இழுக்காது, குறுக்கேதானே விழும்...

"துடிப்பு நல்லா கீதும்மா" என்றார் நர்ஸ். அப்போதுதான் அழுதேன். டியூட்டி சட்டையோடு ஓடிவந்த சேகர் என் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோணிப்பையைக் கிளறி, பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளை இருவரும் பொறுக்கினோம். அவற்றைப் பிடிமானமாக வைத்து, மொத்தக் கையையும் பக்கவாட்டில் அடுக்கினேன். முழம் தாண்டி நீட்டியும் தொங்கவில்லை. சேகர் நுனியில் ஒரு சாவிக்கொத்தை மாட்டிப் பார்த்தார். நின்றது.

பெண் நல்லபடியாகப் பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும் அந்த கிரேனை அவளே இழுத்துப் போட்டு உடைத்தாள். கோபுரம் சிதறியது, கை மட்டும் உடையவில்லை.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் எனக்கு ஒரு பெரிய செட் அனுப்பியிருந்தாள், தொங்குபாலம். நம்பர் போட்ட பாக்கெட்டுகள், பக்கம் பக்கமாகப் படங்கள். பார்த்துப் பார்த்து வைத்தேன். எதுவும் உதிரவில்லை. அழகாகத்தான் இருக்கிறது.

சேகர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் செட்டு பண்ணவனே யோசிச்சு வெச்சிக்கிறான். உனுக்கு இன்னாமே வேல?"