சங்கு ஊதிய பிறகு அம்மா கட்டிய சேலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் அம்மாவின் சிநேகிதிகளுக்கும் வணக்கம். அம்மா போய் வருடம் திரும்பிவிட்டது. எழுத உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் சேலைதான் வந்து நிற்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் நடந்து வருகிற கூட்டத்தில் அம்மா யார் என்று தூரத்திலேயே தெரியும்: கணுக்காலுக்கு ஒரு விரல் மேலே, சுற்றிலும் ஒரே மட்டமாக ஓடும் அகலக் கரை.

வட ஆற்காட்டில், பாலாற்றை ஒட்டிய சின்ன ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு தகரப்பெட்டியோடு இந்தச் சுரங்க ஊருக்கு வந்து இறங்கினார். தொழிலாளர் லைன் வீட்டின் ஒற்றை அறை, பொதுக்குழாய், காற்றடித்தால், பொன் பிரித்த பிறகு குவித்த சயனைடு மண்மேட்டிலிருந்து சோற்றில் வந்து விழும் சாம்பல் தூசி. அந்தத் தூசிக்கு முந்தானையால்தான் மூக்கை மூடிக்கொள்வார். தண்ணீர்க் குடத்துக்கு அதுவே சும்மாடு, அடுப்புப் பாத்திரத்துக்கு அதுவே பிடிதுணி. எங்கள் மூக்கைத் துடைத்ததும் அதில்தான். இத்தனை வேலை பார்த்த முந்தானையை வாசல் தாண்டும்போது ஒரு உதறு உதறி, தோளைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகுவார். கரை மட்டும் வெளியே பளிச்சென்று நிற்கும். தங்கம் வெட்டுகிற ஊரில் அம்மாவுக்கு அவ்வளவுதான் அலங்காரம்.

ராபர்ட்சன்பேட்டைக்குச் சேலை எடுக்கப் போனால் அரை நாள் ஆகும். கடைக்குள் விரித்துக் காட்டுவதை அம்மா நம்பமாட்டார். வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து கரையைக் கைக்குள் கசக்கிப் பார்ப்பார். "இன்னாம்மா, சேலைய வாங்கப் போறியா, கொல்லப் போறியா?" என்று கடைக்காரர் கேட்பார். ஊர் பார்ப்பது கரையை, உட்கார்ந்தால் தரையில் தேய்வதும் கரை. அழகு மட்டும் போதாது, உழைக்கவும் வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. நடுவில் ஒரு பகல் கிடக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த புதிது. அப்பா காலை ஷிஃப்டுக்கு இறங்கியிருந்தார். பத்து மணி இருக்கும், தரை ஒரு தரம் குலுங்கிப் பாத்திரங்கள் கலகலத்தன. அடியில் பாறை வெடித்திருக்கிறது என்பது லைனில் குழந்தைக்கும் தெரியும். சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது. பெண்கள் அவிழ்ந்த தலையும் மாவுக்கையுமாக சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார்கள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டினேன். "இருடி, வர்றேன்" என்றார். மறுபடி தட்டினேன். துணியின் சரசரப்பு மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஓடுகிற ஓட்டத்தில் எங்கள் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புருஷன் பூமிக்கடியில கீறாரு, இவங்க கொசுவம் வச்சினு கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவு திறந்தது. மாம்பழக் கலர் சேலை, அரக்குக் கரை, வட்டமாகக் குங்குமம், தலையில் கனகாம்பரம்.

"உனக்கு அப்பாவ விட சேலதான் பெரிசு" என்றேன்.

அம்மா பூட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தார்.

ஷாஃப்ட் வாசலில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். அம்மா நிற்கவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு குழாய்க்கும் கூட்டத்துக்குமாகக் குடம் சுமந்தார். மயங்கி விழுந்த சரோஜா அக்காவின் முகத்தை முந்தானையை நனைத்துத் துடைத்தார். மேலே சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஆட்களைத் தூக்கி வரும் கேஜ் ஏறுகிறது என்று எல்லோரும் எழுந்தோம். தூசி அப்பிய ஒரே மாதிரி முகங்கள் வந்தன. நான்காவது கேஜிலிருந்து ஒருவர் வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கியபடி, யாரையும் பார்க்காமல், நேராக எங்களிடம் வந்தார். அப்பா.

"மொதல்ல மஞ்சதான் தெரிஞ்சுது. அதையே பாத்துனு வந்தேன்" என்றார்.

அம்மா அவர் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக்கொண்டார். அன்று இறங்கிய எல்லோரும் ஏறி வந்தார்கள்.

அப்பா கண்ணில் படத்தான் அம்மா அந்தக் கலரைக் கட்டினார் என்று லைன் முழுதும் பேச்சாயிற்று. அதன் பிறகு சங்கு ஊதினால் நல்ல கலராக ஒரு சேலையை மாற்றிக்கொண்டு ஓடும் வழக்கம் ஊரிகத்தில் கொஞ்ச காலம் இருந்தது. சரோஜா அக்காவும் அப்படி ஓடினார். நானும் அந்தக் காரணத்தையே நம்பினேன். நம்ப நம்ப, நான் சொன்ன சொல் தொண்டையில் முள்ளாயிற்று. கல்யாணமாகி, ஊர் ஊராக மாறி, எங்கும் நிலைகொள்ளாமல் அலைந்தேன். அதுவும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கேட்டேவிட்டேன். எப்படியம்மா அன்றைக்கு அத்தனை நிதானமாக இருந்தாய் என்று. அம்மா சிரித்தார்.

"நிதானமா? கை ஆடுது, கொசுவம் நிக்கவே மாட்டேங்குது. மூணு வாட்டி அவுந்து போச்சு. பச்சை சேலைய எடுத்தோம்னு நெனச்சு மஞ்சள கட்டினுகீறேன்."

பின்னே எதற்குப் பூவும் பொட்டும் என்றேன்.

"தலவிரிகோலமா போய் நின்னா, அவரு இல்லன்னு நானே சொன்னா மாதிரி ஆவாதா?"

அன்று நான் சொன்ன சொல்லைப் பற்றியும் கேட்டேன். "இன்னாடி சொன்ன? அன்னிக்கு எனக்குக் காதே கேக்கல" என்றார்.

கேட்டிருக்கும். எங்கள் மூக்கைத் துடைத்ததுபோல் அதையும் துடைத்துவிட்டிருக்கிறார். எங்களைப் போலவே அம்மாவும் அன்று நடுங்கினார் என்று தெரிந்ததும் இத்தனை வருட முள் அந்தக் கட்டிலருகே இறங்கிப் போயிற்று. நான்காம் நாள் அம்மா உறக்கத்திலேயே பிரிந்தார்.

கடைசி மாதம் முழுதும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த சரோஜா அக்காவுக்கும், முறைவைத்து ஆஸ்பத்திரியில் காத்திருந்த லைன் பெண்களுக்கும், காரியத்தன்று பூதிகோட்டையிலிருந்து வண்டி நிறைய வாழையிலையும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கிய சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

எதை நினைத்து அம்மாவின் கை அப்படி ஆடியதோ, அது அவர் இருக்கும் வரை நடக்கவில்லை. பூவோடும் பொட்டோடும் போனார். இன்று வருடத் திதிக்கு வந்திருக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நன்றாக இருக்கிறார்.