சவரிமுத்துவின் மண்ணும் என் கையெழுத்தும்

சவரிமுத்து இறந்து நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில் நம் வரைபடப் பிரிவு கோபால் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போய்த் தோளைத் தொட்ட பிறகு வேறு வழியில்லாமல் சொன்னார். "சவரி போயிட்டாரு சார். அடக்கம்கூட ஆயிடுச்சு." எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் செருப்பு நுனியால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றார். "ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாங்க. உங்களுக்கு மட்டும் வேணாம்னு அவர் சம்சாரமே சொல்லிட்டாங்க."

அந்த அம்மாள் செய்தது சரி. ஏன் சரி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த உங்களுக்கு இதில் பாதி தெரியும். மறு பாதி எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்தது. இனி எனக்கு மட்டும்.

சவரி கல்மண்டபம் பகுதியில் ஓர் ஓட்டு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல், நிலத்தில் துளை போடும் கும்பலில் கூலியாளாகச் சேர்ந்து, நம் கூடத்தின் மேற்பார்வையாளர் நாற்காலி வரை வந்தவர். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். நான் பட்டம் வாங்கியவன். எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த அறுபதுகளின் கடைசி அது. கட்டடம் எழுப்புகிறவர்கள் முதலில் நம்மிடம்தான் வருவார்கள். மண் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நாம் எழுதிக் கொடுப்போம். சோதிப்பது சவரி. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது நான்.

செத்தவரை நல்லவர் என்று எழுதுவது வழக்கம். சவரி இனிமையான மனிதர் இல்லை. ஒரு நாள் ஒரு மாதிரியைத் தொட்டுப் பார்க்காமலே 'மணல் கலந்த மண்' என்று எழுதிவிட்டேன். அவர் அந்த ஈர மண்ணில் ஒரு பிடி எடுத்து, எல்லோர் முன்னாலும் என் உள்ளங்கையில் அறைந்து வைத்தார். "சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் கையிலயே வெச்சிகினு குந்து வாத்யாரே. மணலா இருந்தா உதிந்துடும். களிமண்ணா இருந்தா காஞ்சி வெடிக்கும். அப்பால எழுது." மணி அடித்தபோது அது என் கையில் வெடித்து, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன வைத்திருந்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வடக்கே, கடலோரக் குப்பம் ஒன்றை ஒட்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலை வரவிருந்தது. பெயர் வேண்டாம். அதன் வரைபடங்கள் ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்தன. கழிவு நீரை எங்கும் கொண்டுபோக வேண்டாம், அடியில் பூச்சில்லாத பெரிய குழிகளில் விட்டால் மண்ணே குடித்துவிடும் என்பது அவர்கள் திட்டம். அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்கிறார்களாம். அந்த ஊர் மண்ணைப் பற்றிய ஒரு காகிதக் கட்டும் கூடவே வந்திருந்தது. சவரிக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

ஒரு காலத்தில் அந்த நாட்டின் மேல் மலை உயரத்துக்குப் பனிக்கட்டி கிடந்தது. அது உருகி ஓடிய வெள்ளம் கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு வந்து, கனமானதை முதலில், லேசானதைக் கடைசியில் என்று தரம் பிரித்துப் போட்டுவிட்டுப் போனது. மேலே மூன்றடிக்கு இருமண், அதாவது மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்தது. பிடித்தால் உருண்டையாகும், அழுத்தினால் உதிரும். அதற்குக் கீழே போகப் போகப் பருமணலும் கூழாங்கல்லும். ஆறடி தோண்டினாலும் ஒரே பழுப்பு நிறம். நீர் தேங்கி நின்றதற்கு அடையாளமான சாம்பல் திட்டோ துருப் புள்ளியோ கிடையாது. எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் வயலில் இறங்கி நடக்கலாம். நிலத்தடி நீர் எங்கோ ஆழத்தில்.

சவரி கதை கேட்பது போலக் கேட்டார். "இன்னா மண்ணுபா அது!" என்றார். "கடவுள் சாவகாசமா குந்தி சலிச்சி சலிச்சிப் போட்டுகீறாரு." அன்று முழுவதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே மண்புழு இருக்குமா? வேர் எவ்வளவு ஆழம் போகும்? அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சாயங்காலம் காகிதக் கட்டை மூடும்போது மட்டும் குரல் மாறியது. "ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த மண்ணே வெஷத்த ஊத்துனா வடிகட்டாது. வேகமா கீய அனுப்பிடும். அவனுக்குக் கெணறு ஆழத்துல கீது, தப்பிச்சான். நம்ம ஆளுங்க கெணத்துல குனிஞ்சி கையால மொள்றாங்க."

குப்பத்து ஓரத்தில் மூன்று நாள் சோதித்தோம். நான் தள்ளி, வண்டியில் உட்கார்ந்தே அளவுகளைக் குறித்துக்கொண்டேன். குழி தோண்டி, நீர் நிரப்பி, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் எளிய சோதனை. முதல் மணி நேரம் நீர் மளமளவென்று இறங்கியது. மேலே இருந்தது கடல் மணல். பிறகு நின்றது. நாலடிக்குக் கீழே சிப்பி கலந்த கறுப்புக் களி. தண்ணீர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. மறுநாள் காலை, பக்கத்திலிருந்து ஊறி வந்ததும் சேர்ந்து, குழியில் நாங்கள் ஊற்றியதைவிட அதிகம் நின்றது. சவரி குப்பத்துக் கிணறுகள் வரை திருகுக் கம்பியை இறக்கி இறக்கிப் பார்த்தார். எங்கும் அதே களி, கிணற்றுப் பக்கமே சரிந்திருந்தது. அதுவரை அவரோடு பேசாத மீனவப் பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாக்கியம் என்ற பெண் கேட்டாள்: "இன்னாத்துக்கு நைனா இத்தினி ஓட்டை?" கம்பெனி வேலையை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. "மண்ணு பாக்கறோம்மா" என்று மட்டும் சொன்னார் சவரி.

மானேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். முதல் மணி நேரத்து அளவு போதும் என்றார். மண் விவரத்துக்கு அந்த வெளிநாட்டுக் காகிதக் கட்டிலேயே நல்ல வாக்கியங்கள் இருக்கின்றனவே என்றார். மிரட்டவில்லை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. "மேற்பார்வையாளர் இடத்துக்குப் படித்தவர் வேண்டும் என்று மேலே பேச்சு இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். என் உள்ளங்கை ஞாபகம் வந்தது. அன்று பிற்பகலே உட்கார்ந்து எழுதினேன்: 'ஆழமான, நன்றாக வடியும் இருமண்.' எண்ணூர்க் கடற்கரையில், பனி வெள்ளம் போட்டுவிட்டுப் போன மண்ணை நான் ஒரு பக்கத்தில் பரப்பினேன். நல்ல ஆங்கிலம். மானேஜர் பாராட்டினார்.

சவரி கையெழுத்துப் போட மறுத்தார். "இது எந்த ஊரு மண்ணு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போனதும், அவர் போட வேண்டிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அடுத்த வாரம் அவரைச் சாமான் கொட்டகைக்கு மாற்றினார்கள். சல்லடைகளைத் துடைத்து அடுக்கும் வேலை. அவர் தனக்குத் தெரிந்த தமிழில் மூன்று அரசு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒன்று நம் மானேஜரிடமே திரும்பி வந்தது. மானேஜர் அதை அறையில் உரக்கப் படித்தார், சவரி பேசுவது போலவே இழுத்து. அந்தக் குளிர் நாட்டுப் பனி வெள்ளத்தை 'ஐஸ் ஆறு' என்று அதில் எழுதியிருந்தார் சவரி. நாம் சிரித்தோம். 'ஐஸ் ஆறு' என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது அன்றுதான். யார் வைத்தது என்று உங்களில் சிலருக்கு மறந்திருக்கலாம். நான்தான். அதன் பிறகு கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் "ஐஸ் ஆறு வத்திடுச்சா?" என்று கேட்காதவர் நம்மில் யார்? அவர் அடுத்த சல்லடையை எடுத்துத் துடைப்பார்.

தொழிற்சாலை ஓடத் தொடங்கி இரண்டாவது மழைக்காலத்தில் குப்பத்துக் கிணறுகள் கெட்டன. முதலில் வாசம் வந்தது. பிறகு சோறு மஞ்சளாக வெந்தது. பிறகு குழந்தைகளின் வாய் ஓரத்தில் புண் வந்தது. பாக்கியத்தின் மாமியார் வயிற்றுப்போக்கில் இறந்தாள். தொழிற்சாலைக்காரர்கள் நம் ஆபீசிடம் விளக்கம் கேட்டார்கள். மானேஜர் என்னை ஜீப்பில் அனுப்பினார், பார்த்துவிட்டு மட்டும் வரச் சொல்லி.

நான் போனபோது சவரி அங்கே இருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு, கிணற்று நீரைப் புட்டிகளில் பிடித்துப்போக வந்திருந்தார். அதைச் சோதித்தால் நிரூபிக்கலாம் என்று இன்னும் நம்பியிருக்கிறார். ஆனால் குப்பத்துக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவருடையதுதான். குழி தோண்டியவன், கம்பி இறக்கியவன், கிணறு வரைக்கும் அளந்தவன். அவரைச் சுற்றி நின்றார்கள். புட்டிகள் உடைந்து கிடந்தன. நெற்றியில் ரத்தம்.

பாக்கியம் கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து நீட்டினாள். "மண்ணு பாக்கறேன்னு சொன்னியே. பாத்துட்டியா? இப்ப தண்ணி பாரு. குடிடா!"

"நான் எழுதலம்மா" என்றார் சவரி.

"நீ எழுதலன்னா வேற எவன் எழுதினான்? சொல்லு. அவனைக் கூப்புடு, அவன் குடிக்கட்டும். சொல்லு!"

நான் ஜீப்புக்குப் பக்கத்தில், இருபது அடி தள்ளி நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். சவரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்தார். ஓர் ஆள் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பிறகு செம்பை வாங்கிக் குடித்தார். பாதியில் குமட்டியது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். பாக்கியம் இன்னொரு செம்பு மொண்டாள். அதையும் குடித்தார். அவர் மணலில் மண்டியிட்டு வாந்தி எடுக்கத் தொடங்கியபோது டிரைவர் என்னைக் கேட்டார்: "உங்க ஆபீஸ் ஆளா சார்?" நான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குழிகளை மூடிவிட்டு, குழாய் போட்டுக் கழிவைக் கழிமுகத்தில் விட்டார்கள். குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. கிணறுகளில் மணலைக் கொட்டித் தூர்த்தார்கள். விசாரணை எதுவும் நம் வாசலுக்கு வரவில்லை. சவரி வேலையை விட்டுவிட்டு, பழையபடி துளை போடும் கும்பலில் கூலிக்குப் போனார். வயிறு அதன் பிறகு அவருக்குச் சரியாகவே இல்லை. அந்த இரண்டு செம்புத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் நாற்காலியில் நான் எட்டு வருடம் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன், போன வருடம். அவர் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை பெரிய மனம் யாருக்கு வரும் என்று நான் பல வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவரிடமும் சொன்னேன். "அன்னிக்கு என் பேரை நீ சொல்லியிருக்கலாம் சவரி. சொல்லாம என்னைக் காப்பாத்தினே."

அவர் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். கோபம் எதுவும் இல்லை. மாதிரி மண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"காப்பாத்தறதா? உன்னையா?" என்றார். "உன் பேர சொல்லியிருந்தா உன்னையும் இஸ்துகினு வந்து குடிக்க வெச்சிருப்பாங்க. நீயும் குடிச்சிட்டு, வாந்தி எடுத்துட்டு, நானுந்தான் குடிச்சேன்னு நிம்மதியா போயிருப்பே. உனக்கு அதோட தீந்திருக்கும். தீரக் கூடாதுன்னுதான் சொல்லல."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரை மன்னிக்கத் தெரிந்த மனிதராக நினைவில் வைத்திருக்கும் நண்பர்கள் தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் செய்ததற்குப் பிறகும் அவரிடமிருந்து மன்னிப்பை எதிர்பார்ப்பது, அவருக்கு நாம் செய்யும் கடைசி அநியாயம். அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் படம்கூட இல்லை. அவர் கொடுத்து நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. தீரக் கூடாது என்றார். தீரவில்லை, சவரி.