இடத்தை அடைத்துக்கொண்ட பச்சைக் கட்டம்

அப்போது ஹைதராபாத்தில், கொண்டாப்பூரில் குடியிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான் கோவில்பட்டியிலிருந்து போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் உட்காரமாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். யாரிடமும் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது ரொம்ப வசதி. அவருக்கும் கூச்சம்தான். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று நான் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்பேன். போதும் என்று அவர் தட்டைப் பார்த்துச் சொல்வார். சண்டையே இல்லாமல் காலம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேத்திக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா. பட்டாம்பூச்சி வேஷம். கேமராவில் இடமில்லை. பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால்தான் புதிதாக எடுக்க முடியும். மாற்றப்போனால் கம்ப்யூட்டரிலும் இடமில்லை என்று வந்தது.

“போன மாசந்தான் எல்லாத்தையும் துடைச்சேன். அதுக்குள்ள யாரு வந்து குடியேறுனது?” என்று மகள் எதையோ ஓடவிட்டாள். திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். “பெரிய கட்டம்னா பெரிய ஃபைல்மா” என்று பின்னால் நின்ற எனக்குச் சொன்னாள்.

இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எது பெரிசு என்று கண்ணுக்குத் தெரியாதா. ஒரு பச்சைக் கட்டம், கல்யாண வீட்டு முன்வரிசையில் காலை அகட்டி உட்கார்ந்த பெரிய மனுசர் மாதிரி, மற்றதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

அதைத் திறந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. பேர் ‘பிரிண்டர்’. “நம்மட்ட பிரிண்டரே கிடையாதே” என்றாள். கடைசியில் வெறும் நம்பர் போட்ட ஃபைல்கள் வரிசையாக நின்றன. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை.

மாப்பிள்ளை குளிக்கப்போகத் துண்டோடு வந்தார்.

“ஏங்க, இந்த பிரிண்டர் உங்களுதா?”

“ஆபீஸ் சமாச்சாரம் ஏதாச்சும் இருக்கும்.”

“ஆபீஸ் ஃபைலுக்கு வீட்ல என்ன வேலை?”

“அப்ப வைரஸா இருக்கும்” என்று உளறிவிட்டார்.

“வைரஸா? அப்ப அழிச்சிருதேன்.”

“அழிக்காத.”

“வைரஸை வச்சுப் பொங்கலா வைக்கப் போறீக?”

எனக்கு விஷயம் தெரியும். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். நான் துணி காயப்போடுகிற பால்கனியில்தான் அந்த அறையின் ஜன்னல். உள்ளே கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு பண்ணுவார், எப்போதும் ஒரே பழைய பாட்டு. பாதியில் இருமுவார், மறுபடி முதலிலிருந்து. ஒளிந்து பாடுகிற காரணமும் எனக்குத் தெரியும். ஒரு கிரகப்பிரவேசத்தில் எல்லாரும் கேட்டார்களே என்று பாடத் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே என் மகள், “போதும், சாப்பாடு ஆறுது” என்று சபையில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவள் இருக்கும்போது குளியலறையில்கூட அவர் முணுமுணுத்ததில்லை.

இப்போது அவள் விரல் அழிக்கிற பொத்தான்மேல் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் அத்தனை மத்தியானமும் போய்விடும். அவர் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார், காய்ந்த துண்டை.

“அது என்னோடது” என்றேன்.

ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

“உன்னோடதா? டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிப்ப.”

“நான் கேக்குற பாட்டு. மாப்பிள்ளைட்ட இதுல போட்டு வைக்கச் சொன்னேன்.”

“நீ? இவுகட்ட? வாயைத் திறந்து?”

“ஃபிரிட்ஜைப் பாத்துச் சொன்னேன்.”

“சரி, பாட்டுன்னா போடுங்க. கேப்போம்.”

இதை நான் யோசிக்கவில்லை. தூக்கிவிடப் போய்க் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. இத்தனை நாளும் இந்த அம்மா கேட்டிருக்கிறாள் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. உட்கார்ந்து ஒரு ஃபைலின் பேரில் புள்ளிக்குப் பின்னால் இருந்த வாலை மட்டும் மாற்றினார். பாட்டு வந்தது.

மகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “யாரு இது, மூக்கால பாடுதான்?”

அவர் ஃபேனைப் பார்த்தார்.

“ஆனா மோசமில்ல.”

ஃபேனிலிருந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துப் பாட்டுக்குள் ஒரு விசில். பின்னாலேயே இன்னொன்று. எங்கள் குக்கர் விக்கி விக்கித்தான் விசிலடிக்கும், எங்கே கேட்டாலும் தெரியும்.

“இது நம்ம குக்கர்லா” என்றாள். அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். “இவ்வளவும் நீங்களா? ஒரே பாட்டா?”

“சுருதி சேரல” என்று கீபோர்டிடம் சொன்னார்.

சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கேட்பாள், தட்டுவாள். “இதுல இருமல். இதுல காய்க்காரன் கத்துதான்.”

“அதுல சரணம் நல்லாருக்கும்.”

“சரணம் வரைக்கும் எவன் உக்காந்திருப்பான்?”

கடைசியில் அந்தக் குக்கர் பாட்டுக்கே திரும்பி வந்தாள். முழுசும் ஓடவிட்டாள். விசில் வந்துகொண்டே இருந்தது. முடிந்ததும், “இது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கேமரா வயரைச் செருகினாள்.

அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். “குக்கர் சத்தத்தை மட்டும் வெட்டிரலாம்” என்றார்.

“வேண்டாம். அது ஒண்ணுதான் தாளத்துல இருக்கு” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “ஆமா, இத்தன விசில் வர்ற வரைக்கும் நீ எங்கம்மா நின்னுட்டிருந்த?”

அடுப்பில் அப்போது எதுவுமே இல்லை. இருந்தாலும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.