காலனி அடையும் சனிக்கிழமை விரதமும்

இன்று சாலவாக்கம் பக்கத்தில் கிராமத்துக் குடும்பங்களுக்குச் சத்தான சமையல் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் பாடம், பிற்பகலில் சமையல் போட்டி. பரிசு ஒரு பிரஷர் குக்கர்.

எங்கள் காலனி சுமதி முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் இருந்த குக்கர் உடைந்துபோனதால் அவளுக்குப் பரிசின் மேல் ஒரு கண்.

பாடம் எடுத்த மேடம்தான் நடுவர். வரிசையாக ருசி பார்த்துக்கொண்டே வந்தார். ஊர்த்தெரு தினைப் பாயசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். காலையில் எங்களை இனிப்பைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான்.

சுமதியிடம் வந்ததும், "நீ எந்தத் தெரும்மா?" என்றார்.

"காலனி, மேடம். சாப்ட்டுப் பாருங்க, சூடா கீது."

மேடம் அடையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு சனிக்கிழமை இல்லையா, நான் விரதம்மா."

"இன்னா மேடம், அந்தாண்டயிருந்து இந்தாண்ட வர்றதுக்குள்ள விரதம் வந்துருச்சா?"

மேடம் சிரித்தபடி நகர்ந்தார். குக்கர் பாயசத்துக்குப் போனது.

எனக்கு இது புதிதில்லை. எம்.எஸ்ஸி. படித்த என் வீட்டுக் காபிக்கும் "இப்பதான் சார் குடிச்சேன்" என்றவர்கள் உண்டு. ஒருவர் பெயரையும் நான் மறக்கவில்லை.

அடையை நாங்களே சாப்பிட்டு முடித்தோம். நன்றாக இருந்தது. சுமதி மட்டும் தொடவில்லை.

மேடம் கொடுத்த அட்டையில் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று எல்லாம் இருக்கிறது. யார் கையால் சாப்பிடலாம் என்பதை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.