போர்வையைத் தூக்கிப் பார்க்காத மதியம்

எங்கள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் மாறும்போது, காலையில் வேலை பார்த்தவரும் மதியம் வந்தவரும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து போய் ஒவ்வொருவரின் போர்வையையும் தூக்கிப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் குளிரில் எல்லோரும் கழுத்துவரை மூடிப் படுத்திருப்பார்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. ஷிப்ட் பொறுப்பு நர்ஸ் நான். கூடவே நடப்பது என் வேலை. ஒருநாளும் விட்டதில்லை.

அன்று பெருமாள்மலைப் பக்கம் மரம் சாய்ந்து, கீழேயிருந்து வரும் பஸ்கள் நின்றுவிட்டன. கல்லூரியிலிருந்து மகள் வந்துகொண்டிருந்தாள். போன் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் நின்று அவள் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பெட்டு பாக்க வாறீங்களா?" என்றாள் காலை ஷிப்ட் உதவியாளர், பூம்பாறைப் பெண்.

"நோட்டுல எழுதிட்டேல்ல? போதும், வெரசா கெளம்பு. ஒங்க ஊரு பஸ்ஸாவது ஓடுது, போயிரும்."

"இன்னைக்குச் சூரியன் மேக்க உதிச்சிருச்சுடி," என்று மதியம் வந்தவளிடம் சிரித்துவிட்டு ஓடினாள்.

மூன்றரைக்கு மகள் பேசினாள். பஸ்ஸில் தூங்கிவிட்டாளாம். அதன்பிறகுதான் வார்டுக்குள் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர். போர்வையைத் தூக்கினேன். குளிருக்காகப் பூம்பாறைப் பெண் வைத்த சுடுதண்ணிப் பை, சுற்றிய துணி விலகி, கால் விரல்களோடு ஒட்டிக் கிடந்தது. கட்டில் பார்க்க வரும்போது எடுத்துவிடுவது அவள் வழக்கம். விரல்கள் கொப்பளித்திருந்தன.

"ஏன் சிஸ்டர் மொகம் மாறுது? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே," என்றார்.

மறுநாள் அவர் மகன் வந்து, "யாரு வச்சது?" என்று கத்தினார்.

"நாந்தான் சார்," என்றாள் அவள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் போகச் சொன்னதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகளின் படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கிறது என்பதுதான் மனதில் ஓடியது. சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"வாத்தியார் வீட்டுல இப்பத்தான் அடங்கியிருக்காங்க. கிளறாதீங்க சிஸ்டர். நீங்களும் போயிட்டா ட்யூட்டி யாரு போடுறது?"

திரும்பி வந்து அடுத்த வாரத்து ட்யூட்டிப் பட்டியல் போட்டேன். அவள் இடத்தில் வேறொரு பெயர் எழுதினேன்.

போன ஞாயிறு சந்தையில் அவள் பூண்டு விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, வாத்தியாருக்குக் காலு ஆறிருச்சா?"

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"ஆறிருச்சும்மா," என்றேன்.

"அப்பாடா," என்று நெஞ்சில் கை வைத்தாள். "நீங்களும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்கக்கா."