யாராவது 386 வைத்திருக்கிறீர்களா?

இரத்தோட்டையில் நான் வேலை பார்த்த தோட்டத்து ஆபீசுக்குப் புதுக் கணினிகள் வந்தன. பழையதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று தலைமை எழுத்தரான பெரிய கிராணியாரிடம் கேட்டேன்.

"நீங்களே கொண்டு போங்க மிஸ். கோழிய அடை வைக்கலாம்" என்றார். ஆபீசே சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஆட்டோ பிடித்து மாத்தளையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள்.

அண்ணன் குடும்பம் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு திருச்சிக்குப் போய்விட்டது. தங்கை கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனாள். அம்மாவும் இறந்தபின் வீட்டில் நான் மட்டும். வானொலிதான் பேச்சுத் துணை, அதிலும் போர்ச் செய்தியே கேட்கும்.

கணினியில் இருந்தது 386 என்ற பழைய சில்லு. புதிய மென்பொருள் எதுவும் அதை மதிக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த ஓர் இயங்குதளம் மட்டும் மதித்தது. இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் அதன் அடிப்பாகத்தைக் கெர்னல் என்பார்கள். அதில் என் சில்லுக்கான பகுதியை ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் பராமரித்து வந்தார். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஏற்றிப் பார்த்து, அவர்களுடைய மின்னஞ்சல் குழுவுக்கு "இங்கே ஓடுகிறது" என்று எழுதுவேன். அவர் மட்டும் பதில் போடுவார்: "நன்றி. அங்கே மழையா?"

அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் எழுத நான் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. உலகத்தில் வேறு யாரும் என்னிடம் மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு மாரியில் மண்சரிவு டெலிபோன் கம்பங்களைச் சாய்த்தது. மாதக்கணக்கில் லைன் இல்லை, அதனால் மின்னஞ்சலும் இல்லை. திரும்ப வந்த அன்று முதலில் கண்ணில் பட்டது, குழுவுக்கு அவர் எழுதியிருந்த அறிவிப்பு: "386க்கான ஆதரவை அடுத்த பதிப்பில் நீக்கப் போகிறேன். யாராவது இன்னும் வைத்திருந்தால் சொல்லுங்கள்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாராவதா? அப்படியென்றால் நான் யார்?

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஃபாதர் கேட்பார். முதல் ஞாயிறே துள்ளி எழுந்தால் சண்டைக்காரி என்பார்கள். என் பெயர் ஒருநாளும் அப்படி வாசிக்கப்படவில்லை, ஆனால் முறை தெரியும். இதுவும் இன்னும் இரண்டு தரம் வரும், அதற்குள் மனுசன் என்னைத் தனியாகவே கேட்டுவிடுவார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது அறிவிப்பு வரவில்லை. புதிய பதிப்புதான் வந்தது. ஏற்றினேன். இந்தச் சில்லுக்கு ஆதரவில்லை என்று ஒரே ஒரு வரி காட்டிவிட்டு நின்றுபோனது.

பழைய பதிப்புக்கே திரும்பி அவருக்கு எழுதினேன்: "நான் ஒருத்தி இருக்கிறேனே, ஏன் நீக்கினீர்கள்?"

மறுநாள் பதில் வந்தது. "உங்கள் பக்கத்தில் பஸ்ஸில் குண்டு வெடித்ததாகச் செய்தியில் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. பெயர் சொல்லிக் கேட்கப் பயமாக இருந்தது. அதனால்தான் யாராவது என்று கேட்டேன். பதில் இல்லை என்றதும் போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன். என்னுடைய 386 எப்போதோ பழுதாகிவிட்டது. அந்தப் பகுதியை உங்களுக்காகத்தான் வைத்திருந்தேன். இனித் திரும்பச் சேர்க்க விடமாட்டார்கள்."

சத்தம் போட்டே அழுதேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இனி ஓடுகிறது என்று எழுத ஒன்றுமில்லை. மழையைப் பற்றி அவர் கேட்கவும் மறந்திருந்தார்.

"அங்கே மழையா?" என்று நான் கேட்டு எழுதினேன்.